நாமும் ஒரு தரம் மலை பார்க்கப் போவோம்

(அம்பிட்டியவில் தோட்டக் குடும்பங்கள் கூடியிருந்த வேளையில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நலன்புரி ஆட்கள் பேச வந்தால் குடிதண்ணீரைப் பற்றி, மலசலகூடத்தைப் பற்றி, பிள்ளைகளுக்கு ஊசி போடுவதைப் பற்றி, சாராயத்தைப் பற்றித்தான் பேசுவோம் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, சுற்றுலா போவதைப் பற்றிப் பேசப் போகிறோம். குடும்பத்தோடு புறப்பட்டு, இரண்டு இரவு வசதியான ஓர் இடத்தில் தங்கி, நல்ல காட்சிகளைப் பார்த்து, உடம்புக்கு ஓய்வு கொடுத்து, கடன் இல்லாமல் பத்திரமாக வீடு திரும்புவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

பின் வரிசையில் ஓர் ஐயா சிரிக்கிறார். "நாங்க இருக்கிறதே மலையிலதான், இன்னும் எதுக்கு மலை பார்க்கப் போகணும்?" என்று அவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருவோம்.

மலையில் இருக்கிறவர்களுக்கு எதற்கு மலை?

நாம் மலையைப் பார்ப்பது எப்படி? முதுகில் கூடையோடு. எத்தனையாம் நம்பர் மலை, அதில் கொழுந்து இருக்கிறதா, சரிவு எப்படி, அட்டைக்கடி எப்படி, இன்றைக்கு எத்தனை கிலோ வரும் என்றுதான் கண் பார்க்கும். காலையில் மூடுபனி இறங்கி வரும்போது வெளியூர்க்காரர் படம் பிடிக்கிறார். நமக்கோ, கொழுந்து ஈரமாக இருக்கும், நிறுவையில் தண்ணீர்க்கழிவு வெட்டுவார்களே என்ற கவலை வருகிறது. நின்று பார்க்கிற மலை வேறு, உட்கார்ந்து பார்க்கிற மலை வேறு. அந்த இரண்டாவது மலையை நம்மில் பலர் பார்த்ததே இல்லை.

உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் நம்முடைய மலைக்குத்தான் ஓய்வெடுக்க வருகிறார்கள். 1820களின் இறுதியிலேயே தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் என்பவர் நுவரெலியாவில் தனக்கு ஒரு பங்களா கட்டிக்கொண்டார். அந்த இடத்தில்தான் பிறகு கிராண்ட் ஹோட்டல் வந்தது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோரை 1996இல் பெரிய ஹோட்டலாக மாற்றித் திறந்தார்கள். ஒரு காலத்தில் நம்முடைய ஆட்கள் கொழுந்து வாட்டிய மாடியில் இன்றைக்கு மெத்தை போட்டு வெளிநாட்டார் தூங்குகிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நம்முடைய இடத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

தேயிலையை இந்த நாட்டில் முதலில் வியாபாரப் பயிராகப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் துரை தன் வாழ்நாளில் ஒரே ஒரு தரம்தான் லீவு எடுத்தார் என்று சொல்வார்கள். அது 1874இல். எங்கே போனார் தெரியுமா? இந்தியாவில் டார்ஜிலிங் மலைக்கு. அங்கேயும் தேயிலையைப் பார்த்துப் படிக்கத்தான் போனாராம்! துரைக்கே கதை அப்படியென்றால், அவர் காலத்தில் மலையேறி வேலை செய்த நம்முடைய பாட்டன் பூட்டனுக்கு லீவு என்ற சொல் எங்கே தெரிந்திருக்கும்? திருவிழா, தீபாவளி, கலியாணம், செத்தவீடு, இவைதான் வேலை இல்லாத நாட்கள். அந்த நாட்களிலும் வீட்டில் இரட்டிப்பு வேலை.

அம்மாவுக்கும் லீவு

இந்தப் பேச்சில் நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். தயவு செய்து ஆண்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

தோட்டத்திலிருந்து டிரிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேன் விடியற்காலை நாலு மணிக்கு வரும். அம்மா எத்தனை மணிக்கு எழும்புவார்? இரண்டு மணிக்கு. ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, சோறு பொதி கட்டி, பிள்ளைகளைக் கழுவி உடுப்பாட்டி, கடைசியாகத்தான் தன் சேலையைக் கட்டுவார். வேனில் பின் சீட்டில் கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். போகிற இடத்தில் அடுப்புக் கல் தேடுவதும், பாத்திரம் கழுவுவதும், வாந்தி எடுத்த பிள்ளையைத் துடைப்பதும் அவர்தான். இரவு பதினொரு மணிக்குத் திரும்பி வந்து, மறுநாள் காலையில் பிரட்டுக்களத்தில் நிற்பதும் அவர்தான். மற்றவர்களுக்கு டிரிப், அம்மாவுக்கு ஓவர்டைம்!

ஆகவே ஒரே நாளில் அடித்துப் பிடித்து ஏழு இடம் பார்த்துவிட்டு வருவதை விட, ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கி மூன்று இடம் பார்ப்பது மேல். இடையில் ஒரு காலையாவது அம்மா அடுப்பு மூட்டாமல், யாரோ ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியை உட்கார்ந்து குடிக்க வேண்டும். இந்த ஒரு காரியம் நடந்தால் அந்தப் பயணம் வெற்றி. நடக்காவிட்டால் எத்தனை நீர்வீழ்ச்சி பார்த்தாலும் பாதி வெற்றிதான்.

எப்போது போவது?

முதலில் லீவு. உங்களுக்கு வருகிற வருடாந்த லீவு, நீங்கள் வேலைக்குப் போன நாட்களைப் பொறுத்தது. இந்த வருடம் எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்று தோட்டக் காரியாலயத்தில் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். புருஷன் பெண்சாதி இருவருக்கும் ஒரே நாட்களில் லீவு வேண்டுமென்றால் நாலைந்து கிழமைக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். கொழுந்து கொட்டுகிற மாதத்தில் போய்க் கேட்டால் யாருக்கும் மனம் வராது. தை, மாசியில் வெயில் அடித்துக் கொழுந்து குறையும் காலத்தில் கேட்டால் காரியம் சுலபம்.

அடுத்தது மழை. கண்டிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் ஆனால் இடியும் மழையும். மார்கழியிலும் மழை விடாது. தை முதல் பங்குனி வரை பொதுவாக வானம் வெளித்திருக்கும். ஆனால் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை பெரும்பாலும் சித்திரை, ஆவணி, மார்கழியில்தான் வருகிறது. சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். அறை விலை கூரையில் நிற்கும். ஆடி ஆவணியில் கண்டியில் எசல பெரஹரா. அப்போது கண்டி டவுனில் நிற்கவே இடம் இருக்காது. பெரஹரா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. ஓய்வெடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

எங்கள் யோசனை, தைப்பொங்கல் கழித்து சனி ஞாயிறோடு சேர்த்து ஒரு நாள், அல்லது சித்திரை விடுமுறையின் கடைசிக் கிழமை. இரண்டு காலத்திலும் கூட்டமும் குறையும், விலையும் இறங்கும்.

காசுக் கணக்கு

டிரிப்புக்குக் கடன் வாங்கக் கூடாது. இதை நாங்கள் மூன்று தரம் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். நகையை அடகு வைத்துப் போனால், திரும்பி வந்து வட்டி கட்டுகிற ஒவ்வொரு மாதமும் அந்தச் சந்தோஷம் கசக்கும். கிழமைக்குக் கிழமை வசூலிக்க வருகிற நுண்கடனை இதற்குத் தொடவே வேண்டாம். தீபாவளி முற்பணத்தையும் இதற்கு எடுக்காதீர்கள். அது வருடம் முழுவதும் சம்பளத்தில் வெட்டுப்படும் காசு.

அப்படியானால் எப்படி? கிழமைக்கு 500 ரூபா ஒதுக்கினால் 52 கிழமையில் 26,000 ரூபா. அதை வீட்டில் டப்பாவில் போட்டால் நிற்காது. வங்கியில் அல்லது தபாற்கந்தோர் சேமிப்பில் தனிப் புத்தகம் போடுங்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபா சீட்டுப் பிடித்தால், மாதம் ஒரு குடும்பத்துக்குப் பத்தாயிரம் கைக்கு வரும். சீட்டு பிடிக்கிறவர் நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும். கொப்பியில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

செலவை ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்று, போக்குவரத்து. இரண்டு, தங்குவது. மூன்று, சாப்பாடு. நாலு, நுழைவுச் சீட்டு. ஐந்து, கையிருப்பு. இந்தக் கையிருப்பை யாரும் தொடக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வேன் பழுதானால், அதற்கு மட்டும்தான். ஆறாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பலர் எழுதுவதில்லை. சம்பளம் இல்லாத லீவு என்றால் அந்த நாட்களின் பேர் போய்விடும். இரண்டு பேர் இரண்டு நாள் என்றால் நாலு பேர். அதுவும் செலவுதான். அதையும் எழுதினால்தான் கணக்கு உண்மையாக இருக்கும்.

தங்குமிடம்

இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த அம்பிட்டியவையே எடுத்துக்கொள்வோம். கண்டி டவுனிலிருந்து நாலு கிலோமீற்றருக்குள்தான். பஸ் ஓடுகிறது. ஆனால் டவுனின் இரைச்சல் இங்கே இல்லை. ஒரு பக்கம் ஹந்தானை மலைத்தொடர். இங்கே 1893இல், 13ஆம் லியோ பாப்பரசர் காலத்தில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்துக் கத்தோலிக்கக் குருமாரை உருவாக்க ஒரு குருமடம் திறந்தார்கள். 1955இல் அதை இந்தியாவில் பூனாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு இது இலங்கையின் தேசியக் குருமடம் ஆனது. படிக்கவும் பிரார்த்திக்கவும் அமைதியான இடம் வேண்டுமென்று தேடி வந்தவர்கள் இந்த மேட்டைத்தான் தெரிவு செய்தார்கள். ஓய்வுக்கு நல்ல இடம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கண்டி வாவிக்கரையில் அறை எடுத்தால் அந்தத் தண்ணீரைப் பார்ப்பதற்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். அம்பிட்டிய, தலாத்துஓயா பக்கம் உள்ள சிறு விடுதிகளிலும், குடும்பங்கள் தங்கள் வீட்டில் வாடகைக்குக் கொடுக்கும் அறைகளிலும் கேட்டுப் பாருங்கள். கோயில் மடங்கள், மதநிலையங்களின் தியான இல்லங்கள், அரசாங்க இலாகாக்களின் சுற்றுலா பங்களாக்கள் என்றும் உண்டு. இலாகாவில் வேலை செய்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் மூலம் விண்ணப்பிக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

வசதி என்றால் என்ன? டீவியும் குளிர்பெட்டியும் அல்ல. எங்கள் கணக்கில் வசதி என்பது ஐந்து: சுத்தமான கழிப்பறை, சுடுதண்ணீர், ஈரம் இல்லாத மெத்தையும் ஆளுக்கொரு கம்பளியும், உள்ளே பூட்டக்கூடிய கதவு, பிள்ளைகள் விழாத மாதிரி முற்றமும் மாடிக் கம்பியும். இந்த ஐந்தும் இருந்தால் போதும்.

முற்பணம் அனுப்பும் முன்னே போனில் இதையெல்லாம் கேளுங்கள். விலை அறைக்கா, ஆளுக்கா? பிள்ளைகளுக்குத் தனிக் காசா? மேலதிக மெத்தை கிடைக்குமா? காலைச் சாப்பாடு சேர்த்தா? பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணமும் வரியும் கூட்டுவீர்களா? வேன் வாசல் வரை வருமா, பாட்டிக்குப் படி ஏற வேண்டியிருக்குமா? மழையால் வர முடியாமல் போனால் முற்பணம் திரும்புமா? பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். முடிந்தால் போனில் எழுத்தாகவும் அனுப்பச் சொல்லுங்கள். படம் மட்டும் பார்த்து, ஆள் தெரியாத கணக்குக்கு முழுக் காசையும் போடாதீர்கள். கண்டியில் வேலை செய்கிற நம்முடைய பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னால் பாதித் தலையிடி தீரும்.

இன்னொன்றும் மனசில் இருக்கும், வாய்விட்டுக் கேட்க மாட்டீர்கள். "தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்தால் நம்மை எப்படி நடத்துவார்களோ?" அப்படியும் நடந்திருக்கிறது. ஓர் இடத்தில் போனில் அறை இருக்கிறது என்றார்கள். எந்தத் தோட்டம் என்று சொன்னதும் அறை இல்லாமல் போனது. இடத்தின் பெயர் வேண்டாம். அந்தக் குடும்பம் அடுத்த மேட்டில் வேறு வீட்டில் தங்கியது. அந்த வீட்டுச் சிங்கள அம்மா பிள்ளைகளுக்குக் கிரிபத் செய்து கொடுத்து அனுப்பினார். இரண்டு விதமான ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள். நீங்கள் காசு கொடுத்துத் தங்குகிற விருந்தாளி. அடையாள அட்டையைக் காட்டுங்கள், தலையை நிமிர்த்திப் பேசுங்கள். திரும்பும்போது அறையைச் சுத்தமாக விட்டு வாருங்கள். அடுத்த தோட்டக் குடும்பத்துக்கு அதுவே சிபாரிசுக் கடிதம்.

மூன்று நாளில் என்ன பார்க்கலாம்?

ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கமிருந்து வருகிறவர்களை மனதில் வைத்து ஓர் ஒழுங்கு சொல்கிறோம். மற்றவர்கள் தங்கள் பாதைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் நாள், வருகிற வழியிலேயே பேராதனைப் பூந்தோட்டம். 1821இல் தொடங்கிய தோட்டம், 147 ஏக்கர். குடை விரித்த மாதிரி ஒரு பெரிய ஜாவா அத்திமரம் நிற்கிறது. அதன் நிழலில் ஒரு லயத்து ஆட்கள் எல்லோரும் உட்காரலாம். பிறகு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராக வந்தவர் 1901இல் நட்ட நாகலிங்க மரமும் உண்டு. நமக்கு முக்கியமான செய்தி வேறு. 1824இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகளை முதலில் நட்டுப் பார்த்தது இங்கேதான். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள். உள்நாட்டவருக்கு நுழைவுச் சீட்டு விலை குறைவு, ஆகவே பெரியவர்கள் அடையாள அட்டை கொண்டு வர வேண்டும்.

பின்னேரம் கண்டி வாவியைச் சுற்றி ஒரு நடை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டுவித்தது. கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்கர் வம்சத்து மன்னன். 1815இல் வெள்ளைக்காரர் பிடித்து, பிறகு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். தலதா மாளிகைக்குள் போவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். இருட்டும் முன்னே அம்பிட்டியவுக்கு வந்து படுத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் லூல்கந்துர தோட்டம். அம்பிட்டியவிலிருந்து தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டப் பக்கம் ஏற வேண்டும். 1852இல் பதினாறு வயதுப் பையனாக ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்த மலை இதுதான். பங்களா விறாந்தையில் மேசை மேல் கையால் கொழுந்தை உருட்டி, மண் அடுப்பில் காயவைத்துப் பார்த்தாராம். 1873இல் இங்கிருந்து லண்டனுக்குப் போன தேயிலை 23 இறாத்தல். இன்றைக்கு நம்மில் ஒரு கெட்டிக்காரி ஒரே நாளில் பறித்துப் போடும் கொழுந்தின் எடையை விடக் குறைவு! 1869 முதல் கோப்பிக்கு நோய் வந்து, பிறகு கோப்பி அழிந்தபோது, நாட்டைத் தூக்கி நிறுத்தியது அந்தத் தேயிலைதான். அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் ஒரு கல் ஆசனம் அங்கே இருக்கிறது. அதில் உட்கார்ந்து பாருங்கள். நாங்கள் முன்னே சொன்ன "உட்கார்ந்து பார்க்கிற மலை" அங்கே தெரியும்.

டெய்லர் 1892இல் அந்தத் தோட்டத்திலேயே இறந்தார். தோட்ட ஆட்கள் அவரைச் "சாமி துரை" என்று அழைத்ததாகச் சொல்வார்கள். பருத்த உடம்புக்காரர். அணிக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு அணி ஆட்கள் மாறி மாறித் தோளில் சுமந்து பெட்டியைக் கண்டி வரைக்கும் கொண்டுவந்தார்களாம். கண்டி மஹியாவ மயானத்தில் அவர் கல்லறை பெயரோடு இருக்கிறது. சுமந்த இருபத்து நாலு பேரின் பெயரை எந்தக் கல்லிலும் நாங்கள் பார்த்ததில்லை. நீங்கள் வேனில் வசதியாக ஏறி இறங்கும் அந்தப் பாதைகளை அமைத்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். இதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே வைத்துச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படிப்பதை விட மனசில் நிற்கும்.

மூன்றாம் நாள் காலை யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. இது அம்மாவின் காலை. பத்து மணிக்குப் பிறகு ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குப் போகலாம். 1925இல் கட்டிய நாலு மாடி ஸ்டோர், 2001இல் நூதனசாலையானது. பழைய ரோலர், அடுப்பு, எஞ்சின் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஸ்டோரில் வேலை செய்த ஐயாமார் இருந்தால் அவர்களே பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லலாம். பூட்டியிருக்கும் நாட்களும் உண்டு, முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் கம்பளை ஓல்ட் பீகொக் தோட்டம். அங்கே சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் பழைய லயத்தில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று அமைத்தது. நம்முடைய பாட்டிமார் பாவித்த சாமான்களும் படங்களும் பத்திரங்களும் அங்கே சேர்த்திருக்கிறார்கள். ஹந்தானையில் இயந்திரத்தைப் பார்த்த பிள்ளை இங்கே ஆட்களைப் பார்க்கட்டும். போகும் முன் தகவல் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

வேனும் வீதியும் மழையும்

இப்போது சொல்லப்போவது சந்தோஷமான விஷயம் அல்ல. ஆனால் சொல்லாமல் விட்டால் நாங்கள் கடமை செய்தவர்கள் ஆக மாட்டோம்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல இறக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதி, அவற்றில் இருந்த 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலை கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்லவுக்கு உல்லாசப் பயணம் போய்த் திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் எல்ல – வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்தது. 15 உயிர் போனது. அவர்களும் நம்மைப் போல வேலை செய்து, காசு சேர்த்து, ஆசையோடு புறப்பட்டவர்கள்தான்.

ஆகவே சில சட்டங்கள். பதினாலு சீட் வேனில் பதினாலு பேர்தான். "பிள்ளைகள்தானே, மடியில வச்சுக்குவோம்" என்று இருபது பேர் ஏறக் கூடாது. லொறியில் போகவே கூடாது. டிரைவருக்கு மலைப்பாதை பழக்கமா என்று கேளுங்கள். பிரேக், டயர் பார்த்ததா என்று கேளுங்கள், அவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. இறக்கத்தில் சிறிய கியரில் இறங்க வேண்டும். டிரைவருக்கும் ஒரு படுக்கை, ஒரு நேரச் சாப்பாடு கணக்கில் சேருங்கள். தூங்காத டிரைவர்தான் மலையில் பெரிய ஆபத்து. இரவு ஏழு மணிக்குப் பிறகு மலைவீதியில் ஓட வேண்டாம். பாட்டை உரக்கப் போட்டு டிரைவரை ஆட வைக்கவும் வேண்டாம்.

போத்தல் வேனில் ஏறக் கூடாது. தம்பிமாருக்கு இது பிடிக்காது, தெரியும். ஆனால் நீர்வீழ்ச்சியிலும் மகாவலியிலும் குளிக்க இறங்கி உயிர் விட்டவர்களின் கதைகளில் பலவற்றில் போத்தலும் வருகிறது. மேலே மழை பெய்தால் கீழே வெயில் இருக்கும்போதே ஆற்றில் தண்ணீர் திடீரென்று ஏறும். பார்ப்பதற்கு மட்டும் நீர்வீழ்ச்சி, குளிப்பதற்கு விடுதியில் சுடுதண்ணீர்.

மழையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்க முடியுமா? 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை மலையைச் சரித்தது, எத்தனை குடும்பத்தைக் கொண்டுபோனது என்பதும் நாம் அறிந்ததே. மலையக ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. ஆகவே கோச்சியில் போக நினைப்பவர்கள், எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேசனில் கேட்ட பிறகே திட்டம் போடுங்கள். வேனில் போகிறவர்களும், லூல்கந்துர போன்ற உயரத்துத் தோட்டங்களுக்கு ஏறும் முன் பாதை நிலைமையை அந்தப் பக்கத்து ஆட்களிடம் விசாரியுங்கள்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு. சிவப்பு என்றால் உடனே வெளியேறு. போகிற பிரதேசத்தில் மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முற்பணம் போனால் மறுபடி உழைக்கலாம். சில இலக்கங்களைப் போனிலும் எழுதுங்கள், கடதாசியிலும் எழுதிப் பையில் வையுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990. வயசானவர்களின் கிளினிக் கொப்பியும் மருந்தும், இழுப்பு உள்ள பிள்ளையின் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும்.

முடிவாக

எல்லாக் குடும்பத்துக்கும் இந்த வருடமே மூன்று நாள் போக முடியாது, அது எங்களுக்குத் தெரியும். கூரை ஒழுகுகிற வீட்டில், பிள்ளைக்கு டியூசன் காசு கட்ட வேண்டிய வீட்டில், முதலில் அதுதான். அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் மட்டும் போகலாம். பஸ்ஸில் பேராதனைக்குப் போய், அத்திமர நிழலில் பாய் விரித்து, கடையில் வாங்கிய சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, பொழுதோடு திரும்பலாம். அதுவும் லீவுதான்.

ஆனால் "நமக்கெல்லாம் எதுக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். 1823இல் தொடங்கி இந்த மலைக்கு வந்து 200 வருடம் ஆனதை 2023இல் நினைவு கூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தவர்களும் உண்டு. இருநூறு வருடமாக இந்த மலையைக் காப்பாற்றுகிறவர்களுக்கு, அதில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க உரிமை இருக்கிறது. அந்த உரிமையை யாரும் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்து தர மாட்டார்கள். நாமாகத்தான் சேமித்து, யோசித்து, ஒழுங்கு செய்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு கொப்பி எடுங்கள். முதல் பக்கத்தில் எந்த மாதம் என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் கிழமைக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தை அம்மாவிடம் கொடுத்து, "நீங்க எதைப் பார்க்க ஆசைப்படுறீங்க?" என்று கேளுங்கள். இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுக்கும். பொறுமையாகக் காத்திருந்து, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.